நாமே அமைக்கும் மடிக்கணினி

மடிக்கணினி ஒன்றைக் கடையில் முழுமையாக விலைக்கு வாங்காமல், அதன் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி நாமே அமைத்துக்கொள்ள இயலுமா என்னும் வினா இக்காலத்தில் பலரிடமும் எழுகின்றது. இயலும் என்பதே விடை. அதனால் பணம் மிஞ்சுமா என்று அடுத்து வினவினால் நாம் சற்றுத் தயங்கியே விடை கூற வேண்டியிருக்கும். சென்னையிலும் கொல்கத்தாவிலும் வாழ்வோர்க்கு இது ஓய்வுநேர வேலையாகத் தோன்றலாம். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் வாழும் நமக்குக் கணக்கு வேறாக விழுகின்றது. அக்கணக்கையே இங்கு விரித்துரைக்கப் புகுகின்றோம்.

நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் சொல்லிவிடுவோம். கல்லூரியில் பயிலும் மகளுக்கென்று மாதத் தவணையில் மடிக்கணினி வாங்கினார்கள். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் அதன் மின்கலம், அதாவது பாட்டரி, உப்பிக்கொண்டு கீழ்மூடியை நெம்பிவிட்டது. விற்ற நிறுவனத்தின் பழுதுநீக்கும் நிலையம் தீவில் இல்லை. ‘மெயின்லாண்டு’ என்று நம்மவர் வழங்கும் பெருநிலத்துக்கு அனுப்புங்கள் என்றனர். அனுப்பப் போனால், உப்பிய மின்கலத்தை விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்று கூரியர்காரர் கையை விரித்தார். புதிய மின்கலத்தைத் தருவிக்க முயன்றபோதும் அதே விடைதான். முடிவில் அது கப்பலில் வந்து சேர்ந்த நாளில் மகளுக்குத் தேர்வு முடிந்திருந்தது. வந்ததும் அதே பெயருடைய கணினியின் முந்திய ஆண்டுப் பதிப்புக்கு உரியது. திருகுத் துளைகள் பொருந்தவில்லை.

சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 செப்டம்பர் வரையில் போர்ட் பிளேர்) இடையே கடல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள் பயணம். அங்கிருந்து கமோர்ட்டாவுக்கோ கேம்பெல் பேவுக்கோ போக வேண்டுமானால் தீவிடைக் கப்பலுக்குக் காத்திருந்து மேலும் ஓரிரு நாள் செல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள் தொகை 3,80,581. இச்சிறிய தொகையினர்க்காக ஒவ்வொரு நிறுவனமும் தன் ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய உதிரிகளை இங்கே இருப்பில் வைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே ஒரு கணினியை வாங்குமுன் அதன் விலையைக் கேட்பதைப் போலவே, அதில் எவ்வுறுப்பு கெட்டால் எங்கே கிடைக்கும் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

மேசைக் கணினியைப் பொறுத்தவரை இக்கேள்விக்கு முன்னரே விடை உண்டு. 1995-இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.டி.எக்ஸ்.’ என்னும் அளவுமுறையை வெளியிட்டது. தாய்ப்பலகையில் திருகுத் துளைகள் எங்கெங்கே இருக்க வேண்டும், மின்வழங்கியின் செருகி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பவற்றை அது வரையறுத்தது. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியில் பொருந்தும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் பெட்டியும் மறு கடையில் பலகையும் வாங்கி, மாலைக்குள் கணினியைப் பூட்டி முடிப்பவர்கள் இருப்பது இவ்வளவுமுறையின் பயனே.

மடிக்கணினிக்கு இத்தகைய பொது அளவு ஏற்படவில்லை. மெல்லியதாகவும் எடை குறைந்ததாகவும் செய்யவேண்டும் என்னும் போட்டியில், ஒவ்வொரு மாதிரியின் தாய்ப்பலகையும் அந்த உடலுக்கென்றே வெட்டப்படுகின்றது. காற்றாடிக்கு இடம்விட்டு ஓரிடத்தில் வளையும். மின்கலத்துக்கு ஒதுங்கி வேறோரிடத்தில் குறுகும். விசைப்பலகையும் கீல்களும் அப்படியே. ஆனால் உள்ளே பார்த்தால் பொதுவான உறுப்புகளும் சில உண்டு. நினைவகத் தகடு ‘எஸ்.ஓ.டிம்’ என்னும் பொது அளவினது. சேமிப்பகம் 2.5 அங்குலப் பெட்டியாகவோ, ‘எம்.2’ என்னும் நீண்ட சிறு தகடாகவோ இருக்கும். வைஃபை அட்டையும் பெரும்பாலும் பொதுவானதே. திரையும்கூட, பலர் எண்ணுவதற்கு மாறாக, 30 முனைச் செருகியோடு பல நிறுவனங்களின் கணினிகளுக்குப் பொதுவாக வருகின்றது. அண்மைக்கால மெல்லிய கணினிகளில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்து விடுகின்றனர். அவற்றில் இவ்வசதியும் போயிற்று. வாங்கும்போது ‘நினைவகம் பற்றவைத்ததா, செருகியதா?’ என்று கேட்பது நகைக் கடையில் செய்கூலி கேட்பதைப்போல் பழக்கமாக வேண்டும் என்பது நம் கருத்து.

குறைந்த விலையில் யாவர்க்கும் கணினி என்னும் கனவு நம் நாட்டிலேயே எழுந்ததுண்டு. பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள் சிலர் 2001-இல் ‘சிம்ப்யூட்டர்’ என்ற கையடக்கக் கணினியை அறிவித்தனர். ஏறத்தாழ 9,000 ரூபாயில் கிராமத்தாருக்கு, இந்திய மொழிகளில் பயன்படும் கருவி தருவது அவர்கள் நோக்கம். 2004-இல் அது ‘அமிடா’ என்ற பெயரோடு சந்தைக்கும் வந்தது. ஆயினும் பெருந்தொகையாக விற்கவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் நிக்கொலஸ் நெக்ரோபாண்டே 2005-இல் குழந்தைக்கொரு நூறு டாலர் மடிக்கணினி என்று முழங்கினார். 2007-இல் அது உற்பத்திக்கு வந்தபோது விலை ஏறக்குறைய இருமடங்காகியிருந்தது. மொத்தமாக இலட்சக்கணக்கில் செய்தாலன்றி விலை இறங்காது; விலை இறங்கினாலன்றி இலட்சக்கணக்கில் விற்காது. இந்தச் சுழலில் இரண்டு முயற்சிகளும் அகப்பட்டன.

வேறு சிலர் விலையை விட்டுவிட்டு, பிரித்துப் பார்க்கக்கூடிய கணினி என்பதையே குறியாகக் கொண்டனர். சிங்கப்பூரில் ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும் 2014-இல் ‘நோவெனா’ என்னும் கணினியின் வரைபடங்கள் அனைத்தையும் வெளியிட்டு, அதை விற்பனைக்கும் கொணர்ந்தனர்; அதன் மடிக்கணினி வடிவத்துக்கு 1,995 டாலர் விலை. பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் 2017-இல் ‘டெரெஸ்’ என்ற மடிக்கணினியை உறுப்புகளாகப் பெட்டியில் இட்டு, 200 யூரோவுக்குச் சற்று மேற்பட்ட விலையில் விற்றது. வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். பெர்லினில் லூக்காஸ் ஹார்ட்மன் என்பார் உருவாக்கிய ‘ரிஃபார்ம்’ மடிக்கணினி 2020-இல் வந்தது. அதன் மின்கலங்கள் தனித்தனி உருளைகள்; ஒன்று கெட்டால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். இக்கணினி விலையால் நமக்கு எட்டாதது. அதன் மின்கல ஏற்பாடு மட்டும் தீவுவாசி எவரும் எழுந்து வணங்கத்தக்கது.

இனி, கைக்கு எட்டும் வழியைக் காண்போம். இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் கணினியைத் துணிந்து தொட்டுப் பழகவேண்டும் என்ற நோக்கத்தோடு, 2012 பிப்ரவரி 29 அன்று ‘ராஸ்பெரி பை’ என்னும் பலகை 35 டாலர் விலையில் வெளிவந்தது. அகலம் 56 மில்லிமீட்டர், நீளம் 85 மில்லிமீட்டர், சட்டைப்பையில் அடங்கும். செயலி, நினைவகம், யு.எஸ்.பி. செருகிகள், திரைக்கான எச்.டி.எம்.ஐ. செருகி யாவும் அதிலேயே உண்டு. இதற்கு ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மின்கலம், ஓர் உடல் ஆகிய நான்கையும் சேர்த்தால் மடிக்கணினி ஆயிற்று. இந்நான்கில் எதுவும் ராஸ்பெரி பைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டியதில்லை. திரை எச்.டி.எம்.ஐ. ஏற்பதாகவும் யு.எஸ்.பி. மின்சாரத்தில் இயங்குவதாகவும் இருந்தால் போதும். விசைப்பலகை எந்தக் கடையிலும் கிடைப்பது.

எந்தப் பலகையைக் கொள்வது? 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விரைவானது. ஆனால் முழு வலுவோடு இயங்க அதற்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும், நம் சந்தையிலுள்ள பவர் பேங்குகள் பெரும்பாலும் அவ்வாறு தருவதில்லை. 2019-இல் வந்த நான்காம் பதிப்புக்கு 3 ஆம்பியர் போதும். மின்கலத்தை நம்பி அமைக்கும் கணினிக்கு நாம் நான்காம் பதிப்பையே பரிந்துரைப்போம்.

மின்கலக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏமாறும் இடம் இதுவே. பவர் பேங்கின் மேல் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பார்கள். அது உள்ளேயுள்ள மின்கலத்தின் 3.7 வோல்ட்டுக்கு உரிய கணக்கு. 5 வோல்ட்டுக்கு உரியதன்று. 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்துகையில் ஏழில் ஒரு பங்கு வெப்பமாகப் போய், கையில் கிடைப்பது 63 வாட்-மணி என்று கொள்ளலாம். பலகைக்கு 5 வாட், பத்தங்குலத் திரைக்கு 5 வாட், சேமிப்பகத்துக்கும் விசைப்பலகைக்குமாக 2 வாட், ஆக 12 வாட். 63-ஐ 12-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். தீவுகளின் மின்சாரம் இன்றும் பெரும்பாலும் டீசல் இயந்திரங்களிலிருந்து வருவது. அது நின்றுபோகும் மாலைப்பொழுதில் ஐந்து மணி நேரம் என்பது ஒரு பாடத்தை எழுதி முடிக்கப் போதும்.

இன்னொன்றும் உண்டு. தனக்கு மின்னேற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிறிதொன்றுக்கு மின்சாரம் தரும் பவர் பேங்குகள் சிலவே. அவற்றிலும் பல, மின்சாரம் வரும்போதும் போகும்போதும் ஒரு கணம் இமைக்கின்றன. அந்த ஒரு கணமே கணினி அணைந்து, எழுதியது மறைவதற்குப் போதுமானது. கடையிலேயே பலகையை இணைத்து, சுவரிலுள்ள செருகியைப் பிடுங்கியும் பொருத்தியும் பார்த்து வாங்குக.

மின்கலத்தைத் தீவுக்குக் கொண்டுவருவது எவ்வாறு? சர்வதேசப் பொது விமானப் போக்குவரத்து ஸ்தாபனம், தனியே கட்டப்பட்ட லித்தியம்-அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் தடை செய்துவிட்டது. தீப்பற்றினால் வானில் அணைப்பது அரிது என்பதே காரணம். கணினிக்குள் பொருத்தப்பட்ட மின்கலத்துக்கு விதி வேறு. பயணி ஒருவர் தம் கைப்பையில் உதிரி மின்கலம் எடுத்துவருவதற்கு இடமுண்டு. விமான நிறுவனத்தின் தனி ஒப்புதல் இன்றி அது 100 வாட்-மணிக்கு மேற்படலாகாது. நாம் மேலே கணக்கிட்ட பவர் பேங்க் 74 வாட்-மணி ஆதலால் இவ்வெல்லைக்குள் அடங்கும். 27,000 என்று எழுதியது எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 30,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியது எல்லையைத் தாண்டும். மலிவாகக் கிடைக்கின்றதென்று பெரியதை வாங்கி, விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோர் உண்டு.

உருளை மின்கலங்களைக் கொண்டு தாமே அமைக்க விரும்புவோர் ‘18650’ என்ற எண்ணைக் காண்பார்கள். அது விலை எண் அன்று; 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், உருளை வடிவம் என்பதன் குறிப்பு. உலகெங்கும் இவ்வளவு ஒன்றே. ஆனால் மிகை மின்னேற்றத்தைத் தடுக்கும் காப்புப் பலகை இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது. சாலிடரிங் பழக்கம் இல்லாதவர்கள் பவர் பேங்கோடு நிற்பதே நன்று.

தீவுக்கே உரிய வேறிரு இடர்ப்பாடுகள் உண்டு. முதலாவது நேரம். ராஸ்பெரி பை நான்காம் பதிப்பில் கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் கிடையாது. ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்தே நேரத்தை அறிந்துகொள்கின்றது. இணையம் இல்லாத நாளில் அது பழைய தேதியோடு விழிக்கும். தேதி பிழையானால் பாதுகாப்பான வலைத்தளங்கள் திறக்க மறுக்கும். விண்ணப்பம் அனுப்பவேண்டிய மாணவர் காரணம் அறியாமல் திகைப்பார். ‘டி.எஸ். 3231’ என்னும் சிறு கடிகாரத் துண்டை நாணய வடிவ மின்கலத்தோடு வாங்கிப் பொருத்திவிட்டால் இத்தொல்லை ஒழியும். செலவு சில நூறு ரூபாயே.

இரண்டாவது ஈரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்கின்றது. ஈரத்தில் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும். செம்புக் கோடுகளைப் பச்சை பூக்கச் செய்யும். மடிக்கணினியின் உடலை மரத்தால் செய்யலாம். படௌக் மரத்துண்டுக்கு இங்கே பஞ்சமில்லை, அழகாகவும் இருக்கும். ஆனால் மரம் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்குவதால், பலகையை மரத்தில் நேரே திருகாமல் பித்தளைத் தாங்கிகளின்மேல் நிறுத்துக. காற்றோட்டத்துக்குத் துளை வேண்டும். செயலி 80 பாகை செல்சியஸை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலகையின்மேல் பூசுவதற்கென்று அக்ரிலிக் மெருகு கிடைக்கின்றது. செருகிகளின் வாயை ஒட்டுத்தாளால் மறைத்துக்கொண்டு அதைப் பூசலாம். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொணர்ந்த கணினியை உடனே இயக்காமல் அரைமணி நேரம் விடுவதும், பயன்படுத்தாத நாள்களில் இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதும் நம் அனுபவத்தில் போதிய காப்பளித்துள்ளன.

செலவைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவோம். பலகை, திரை, விசைப்பலகை, பவர் பேங்க், சேமிப்பகம் யாவும் சேர்ந்த தொகை, கடையில் விற்கும் மிக மலிவான புது மடிக்கணினியின் விலையை நெருங்கிவிடும். சில வேளை தாண்டியும் விடும். 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியபோது இப்பலகைகளின் விலையும் ஏறியது. வேகத்திலும் அது கடைக் கணினிக்குப் பிற்பட்டதாகவே இருக்கக்கூடும். ஆனால் மூன்றாம் ஆண்டில் திரை உடைந்தால் திரையை மட்டும் மாற்றலாம். மின்கலம் உப்பினால் வேறொரு பவர் பேங்க் போதும். கடைக் கணினியோ அந்நாளில் அலமாரிக்குப் போய்விடும். இந்த ஆதாயம் முதல் நாள் ரசீதில் தெரிவதில்லை.

வேகமும் வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்போர்க்கு மற்றொரு வழி உண்டு. பெரும்பாலோர்க்கு நாம் சொல்வதும் இதுவே. பெருநிறுவனங்கள் தம் அலுவலர்க்காக வாங்கி, சில ஆண்டுகளில் கழித்துவிடும் மடிக்கணினிகள் சென்னையிலும் பிற நகரங்களிலும் பழுதுபார்க்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. 2018-ஐ ஒட்டி வந்த ‘திங்க்பேட் டி480’ போன்றவை பிரித்துப் பூட்டுவதற்கென்றே அமைந்தவை. பின்புற மின்கலத்தைத் திருகு கழற்றாமலே எடுக்கலாம், நினைவகம் செருகப்பட்டது, சேமிப்பகம் மாற்றத்தக்கது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியதால், விண்டோஸ் 11 ஏற்காத இன்னும் பழைய கணினிகள் குவியலாகக் கழிக்கப்படுகின்றன. அவற்றில் குற்றம் ஒன்றுமில்லை. நினைவகத்தைக் கூட்டி, புதிய எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் இட்டால் மேலும் பல்லாண்டு உழைக்கும். வெறுங்கூட்டை வாங்கி உறுப்புகளை நாமே சேர்ப்பதால் இதுவும் ஒரு வகையில் நாமே அமைத்த கணினிதான்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ராஸ்பெரி பைக்கும் பழைய மடிக்கணினிக்கும் டெபியன் லினக்ஸ் பொருந்தும். தமிழக அரசு 1999-இல் ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகை முறையை அதில் சேர்த்துக்கொண்டு தமிழில் தட்டெழுதலாம். முன்னர் செயற்கைக்கோளின் குறுகிய இணைப்பை நம்பியிருந்த காலத்தில் இத்தகைய மென்பொருளைத் தரவிறக்குவதே ஒரு தவம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபின், ஸ்ரீ விஜயபுரத்தோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளும் அவ்விணைப்பைப் பெற்றன. கணினியின் மென்பொருள் பகுதி இன்று கம்பி வழியே சில நிமிடங்களில் வந்துவிடுகின்றது. திருகும் திரையும் மட்டுமே இன்னும் கப்பலுக்குக் காத்திருக்கின்றன.

ஆகவே சென்னைக்குச் செல்லும் உறவினரிடம் சாமான் பட்டியல் கொடுப்போர், ‘மடிக்கணினித் திரை ஒன்று’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பழைய திரையின் முதுகில் அச்சிட்டிருக்கும் மாதிரி எண்ணை முழுதும் எழுதுக. செருகியின் முனை 30-ஆ, 40-ஆ என்று எண்ணி எழுதுக. செருகி இடப்புறமா, வலப்புறமா என்பதையும் குறிக்க. இயன்றால் ஒரு படமும் எடுத்து அனுப்புக. திருகுகளில் இரண்டைத் தாளில் ஒட்டிக் கொடுத்துவிட்டால் கடைக்காரர் அளவு பார்த்துக்கொள்வார். திரும்பி வரும்போது மின்கலத்தின் முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, தனிப் பையிலிட்டுக் கைப்பையில் வைக்கச் சொல்லுக. பெட்டியில் வைத்துச் சரக்காகப் போட்டுவிட்டால் மீனம்பாக்கத்திலேயே அதை எடுத்துவிடுவார்கள்.